கம்பைலர் வார்னிங்கைத் திருத்தி, பெரிய ஃபைலில் சோதித்து, முதல் பேட்ச் அனுப்புவது எப்படி?

கோலாலம்பூர், பினாங்குப் பக்கம் படிக்கும் மாணவர்களும், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பகல் வேலை முடித்துவிட்டு இரவில் நிரல் எழுதுகிறவர்களும் திறமூலத் திட்டங்களுக்குள் நுழைய ஒரு வாசலைத் தேடுவார்கள். சி மொழியில் எழுதப்பட்ட டெக்ஸ்ட் எடிட்டர் அதற்கு நல்ல வாசல். கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவாக மாற்றும் மென்பொருள்) சந்தேகமான இடத்தைக் காட்டும் எச்சரிக்கைதான் வார்னிங்; திட்டத்துக்கு நாம் அனுப்பும் திருத்தம்தான் பேட்ச். "வார்னிங்கைத் திருத்து, அதுதான் சுலபம்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அதைத் தப்பாகச் செய்வதும் சுலபம். ஒரு காஸ்ட் (மதிப்பின் வகையை வலிந்து மாற்றுவது) போட்டால் வார்னிங் மறைந்துவிடும். கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும், இனிமேல் கம்பைலரும் அதைக் காட்டிக்கொடுக்காது. எடிட்டர் என்பது பிறருடைய எழுத்தைக் கையில் வாங்கித் திருப்பித் தரும் மென்பொருள். அதில் ஓர் எண் சுருங்கினால் யாரோ ஒருவருடைய ஃபைல் பாதியாகச் சேமிக்கப்படும். ஆகவே வார்னிங் திருத்துவதையும் பெரிய ஃபைலில் சோதிப்பதையும் ஒரே வேலையாகச் செய்யுங்கள்.

கட்டளைகளை வாயால் சொல்லும் விதத்திலேயே கீழே எழுதியிருக்கிறேன். கொடிகளில் (கட்டளையோடு தரும் விருப்பங்களில்) டபிள்யூ வரும் இடமெல்லாம் பெரிய எழுத்து.

1. தொடங்குமுன்: கணினி, செலவு, ஒப்பந்தம்

லினக்ஸ் உள்ள மடிக்கணினி, 8 ஜிபி ரேம், 15 ஜிபி காலி இடம். இவ்வளவு போதும். இதற்காக லோ யாட் கணினிக் கடைத்தொகுதிக்குப் போய் ரேம் வாங்க வேண்டாம். 5-ஆம் படியில் உள்ளபடி ஃபைலைச் சரியாக வடிவமைத்தால் 8 ஜிபிக்குள்ளேயே முடியும். விண்டோஸில் இருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்தலாம். ஆனால் நிரலையும் சோதனை ஃபைலையும் லினக்ஸ் பக்கத்து ஹோம் அடைவில் வையுங்கள். சி டிரைவில் வைத்தால் ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் இழுத்துக்கொண்டே போகும்.

நிறுவ வேண்டியவை: ஜிசிசி, கிளாங் என்ற இரு கம்பைலர்கள், நிரலைக் கட்டும் மேக், மூல நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், கெட்டெக்ஸ்ட், டெக்ஸ்இன்ஃபோ, என்கர்சஸின் டெவலப்மென்ட் பொதி. எல்லாம் இலவசம். செலவு என்றால் இணைய டேட்டா மட்டும்தான். கிளாங் பொதிகள் பெரியவை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்காதீர்கள்.

வேலையில் இருப்பவர்கள் இன்றே பார்க்கவேண்டிய ஆவணம் ஒன்று உண்டு: உங்கள் வேலை ஒப்பந்தம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதியதன் உரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால், முதலாளிக்குப் போகும். சில ஒப்பந்தங்கள் இன்னும் அகலமாக எழுதப்பட்டிருக்கும். அலுவலக மடிக்கணினியில், அலுவலக நேரத்தில் பேட்ச் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஈமாக்ஸ் போன்ற சில ஜிஎன்யூ திட்டங்கள், சுமார் 15 வரிகளுக்கு மேற்பட்ட மாற்றமென்றால் பதிப்புரிமை ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்து கேட்கும். அதற்கு முதலாளியின் சம்மதக் கடிதமும் தேவைப்படலாம். நிரலைவிட இந்தக் காகிதங்களுக்குத்தான் நாள் பிடிக்கும், முதலில் ஆரம்பியுங்கள்.

2. வார்னிங்குகளைச் சுத்தமாகத் திரட்டுங்கள்

மூல நிரலைக் கிட்டில் இறக்கியதும் அதே அடைவில் கட்டாதீர்கள் (பில்டு செய்யாதீர்கள்). ஜிசிசிக்கு ஒன்று, கிளாங்குக்கு ஒன்று, சானிடைசருக்கு (ஓடும்போதே பிழையைப் பிடிக்கும் சோதனை வசதி) ஒன்று என மூன்று துணை அடைவுகள் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மேல் அடைவின் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். நானோ எடிட்டரின் கிட் பிரதியில் முதலில் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்டினால்தான் கன்ஃபிகரே உருவாகும்.

கம்பைலர் கொடிகளை வைக்கும் சிஃபிளாக்ஸ் மாறியில் ஓ2, ஜி, டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா கொடுங்கள். 'ஆல்' என்ற பெயரை நம்பி அதோடு நிற்காதீர்கள், எல்லா வார்னிங்கும் அதில் வராது. சி மொழியில் குறியுள்ள எண்ணையும் குறியில்லாத எண்ணையும் ஒப்பிடுவதைப் பற்றிய வார்னிங் எக்ஸ்ட்ராவில்தான் இருக்கிறது. எண் வகை சுருங்குவதைச் சொல்லும் டபிள்யூ-கன்வர்ஷன் இரண்டிலுமே கிடையாது. ஓ2-ஐ விட்டுவிட்டு ஓ0-இல் கட்டினால், மதிப்பு இடாத மாறிகளைப் பற்றிய வார்னிங்குகளில் பல வராமல் போகும். கம்பைலர் நிரலின் ஓட்டத்தை ஆராயும்போதுதான் அவை தெரியவரும்.

புதியவர்கள் விழும் குழிகள் இங்கே நான்கு.

வார்னிங்கையெல்லாம் பிழையாக்கும் டபிள்யூ-எரர் கொடியைக் கன்ஃபிகர் நேரத்தில் கொடுக்காதீர்கள். கன்ஃபிகர் சின்னச் சின்னச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்துதான் கணினியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அந்த நிரல்களிலேயே வார்னிங் வரும். டபிள்யூ-எரர் இருந்தால் அவை தோற்றுப்போய், இருக்கிற வசதியை இல்லை என்று கன்ஃபிகர் முடிவு செய்யும். வேண்டுமென்றால் மேக் ஓட்டும்போது கொடுங்கள்.

இரண்டாவது, மேக்கை மறுபடி ஓட்டினால் மாறாத ஃபைல்கள் கம்பைல் ஆகாது, அவற்றின் வார்னிங்கும் வராது. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மகிழுமுன் மேக் கிளீன் செய்யுங்கள். மூன்றாவது, மேக்கை இணையாக ஓட்டும்போது பல ஃபைல்களின் செய்திகள் கலந்து வரும். பட்டியல் எடுக்கும்போது மட்டும் ஒற்றை ஓட்டமாக விடுங்கள். நான்காவது, செய்திகளின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி-ஆல் மாறியை 'சி' என்று வைத்து ஓட்டுங்கள். செய்தி ஆங்கிலத்தில் வந்தால்தான் தேடவும் பிறரிடம் காட்டவும் முடியும்.

பிழை வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து, திரும்ப வரும் வரிகளை நீக்கி வையுங்கள். ஒரே ஹெட்டரில் உள்ள ஒரு வார்னிங், அதைச் சேர்க்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒருமுறை வரும். அது ஒரு வார்னிங்தான்.

இதே வேலையைக் கிளாங்கிலும் செய்து, அதில் மட்டும் 'ஷார்ட்டன் 64 டு 32' என்ற வார்னிங்கைக் கூடுதலாக இயக்குங்கள். 64 பிட் மதிப்பு 32 பிட் மாறிக்குள் போகும் இடங்களை மட்டும் அது காட்டும். ஜிசிசியில் இந்தப் பெயரில் கொடி இல்லை. அதன் கன்வர்ஷன் கொடி எல்லா மாற்றங்களையும் கொட்டுவதால் முக்கியமானது அதில் புதைந்துவிடும். பெரிய ஃபைல் எங்கே உடையும் என்று தெரிய, கிளாங்கின் இந்தப் பட்டியலே போதும்.

3. எதை முதலில் எடுப்பது?

பிரிண்ட்எஃப் வடிவச் சரம் பொருந்தாதது, மதிப்பு இடாத மாறி, 64-லிருந்து 32-க்குச் சுருங்குவது, குறி கலந்த ஒப்பீடு, ரைட் போன்ற அழைப்பின் விடையைக் கவனிக்காமல் விடுவது. இவை முதலில். பயன்படாத மாறி, ஸ்விட்சில் பிரேக் இல்லாமல் அடுத்த கேசுக்கு வழிவது இவையெல்லாம் பிறகு.

மதிப்பு இடாத மாறிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போடாதீர்கள். எந்தக் கிளையில் மதிப்பு இடப்படாமல் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பிழை நிலைமை கையாளப்படாமல் கிடக்கும். பூஜ்யம் போட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

4. காஸ்ட் போடாமல் வகையை மாற்றுங்கள்

வரியின் நீளத்தை எஸ்டிஆர்லென் வழியாக வாங்கி இன்ட் மாறியில் வைக்கும் நிரலைப் பல பழைய எடிட்டர்களில் காணலாம். எஸ்டிஆர்லென் தருவது சைஸ்-டி என்ற குறியில்லாத வகை, 64 பிட் கணினியில் 64 பிட். இன்ட் 32 பிட், அதன் உச்சம் 2,147,483,647. வரியின் நீளம் 2,200,000,000 என்றால் இன்டுக்குள் அது −2,094,967,296 ஆகிவிடும். இதாவது எதிர்மறை எண், எங்காவது மோதி விழுந்துவிடும். நீளம் 4,294,967,301 என்றால் இன்டுக்குள் வருவது 5. நிரல் எந்தச் சத்தமும் இல்லாமல் 5 பைட்டைச் சேமித்துவிட்டு வெற்றி என்று சொல்லும். இன்ட் என்று காஸ்ட் போடும் பேட்ச், இந்த இழப்பைக் கம்பைலர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

சரியான வழி, மதிப்பு பிறக்கும் இடத்திலிருந்து சாகும் இடம் வரை வகையைத் தொடர்ந்து மாற்றுவது. மாறி, அதை வாங்கும் ஃபங்ஷனின் அளபுரு, அது உட்காரும் ஸ்ட்ரக்டின் உறுப்பு, திருப்பித் தரும் வகை, கடைசியில் அதை அச்சிடும் பிரிண்ட்எஃப் வரை. நடுவில் ஓர் இடத்தில் இன்ட் இருந்தாலும் முழு வேலையும் வீண். அச்சிடும்போது சைஸ்-டிக்கு 'சதவீதம் இசட் யு' வடிவம்.

மாற்றும்போது இரண்டு புதுப் பிழைகள் நுழையும். சைஸ்-டிக்கு எதிர்மறை கிடையாது. வெற்று வரியின் நீளத்திலிருந்து 1 கழித்தால் −1 வராது, 18,446,744,073,709,551,615 வரும். கடைசி எழுத்திலிருந்து பூஜ்யம் வரை பின்னோக்கி ஓடும் லூப், 'பூஜ்யத்துக்குக் குறையாமல் இருக்கும்வரை' என்று எழுதப்பட்டிருந்தால் நிற்கவே நிற்காது. டபிள்யூ-எக்ஸ்ட்ரா இதைக் காட்டும், அதனால் மாற்றியபின் பட்டியலைத் திரும்ப எடுங்கள். இரண்டாவது, 'கிடைக்கவில்லை' என்பதற்கு −1 தரும் ஃபங்ஷன்கள். அவற்றுக்கு எஸ்-சைஸ்-டி அல்லது பிடிஆர்டிஃப்-டி போன்ற குறியுள்ள அகல வகைதான் சரி.

காஸ்ட் போட்டே ஆகவேண்டிய இடம் பெருக்கல். இரண்டு இன்ட்களைப் பெருக்கிவிட்டு விடையை அகலமாக்கினால் பெருக்கும்போதே வழிந்திருக்கும். பெருக்குமுன் ஓர் எண்ணை அகலமாக்குங்கள்.

ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லும் எஃப்டெல் தருவது லாங் வகை. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். உங்கள் கணினியில் ஓடுவது அங்கே 2 ஜிபியில் உடையும். லினக்ஸில் எஃப்டெல்லோ, எஃப்சீக்கோ பயன்படுத்துங்கள். 32 பிட் லினக்ஸுக்கும் கட்டவேண்டுமென்றால் 'ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்' மேக்ரோவை 64 என்று வைக்கவேண்டும். விண்டோஸுக்கு அதற்கான 64 பிட் அழைப்புகள் தனியாக உண்டு. லினக்ஸின் ரீட் அழைப்பும் ஒரே தடவையில் 2,147,479,552 பைட்டுக்கு மேல் தராது, 64 பிட் கணினியிலும் அப்படித்தான். ஒரே ரீடில் முழு ஃபைலையும் வாங்கிவிட்டதாக நினைக்கும் நிரல், 3 ஜிபி ஃபைலின் வாலை இழக்கும். லூப் போட்டுத்தான் வாசிக்கவேண்டும்.

5. சோதனை ஃபைல்களை உருவாக்குங்கள்

'பெரிய ஃபைல்' என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் மூன்று வகை உண்டு. வரிகள் மிக அதிகம், பைட்டுகள் மிக அதிகம், ஒரே வரி மிக நீளம். ஒவ்வொன்றும் நிரலின் வேறு இடத்தை உடைக்கும்.

அடிப்படைக் கட்டளை எஸ்-ஈ-க்யூ. 1 முதல் 250,000,000 வரை வரிக்கு ஓர் எண்ணாக அச்சிட்டால் சரியாக 2,388,888,898 பைட் வரும். 2 ஜிபி எல்லையைத் தாண்டிவிட்டோம். 450,000,000 வரை போனால் 4,388,888,898 பைட், 4 ஜிபி எல்லையும் தாண்டிவிடும். ஒவ்வொரு வரியிலும் அதன் வரி எண்ணே இருப்பதால், குறிப்பிட்ட வரிக்குப் போகும் வசதியைச் சரிபார்க்க வேறெதுவும் வேண்டாம். இன்னொரு வசதியும் உண்டு: இந்த ஃபைலில் 225859476 என்ற எண் தொடங்கும் ஆஃப்செட் (ஃபைல் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் தொலைவு) 2,147,483,648. இன்ட் எல்லையைத் தாண்டிய முதல் பைட் அதுதான். அந்த எண்ணைத் தேடுங்கள், அங்கே திருத்துங்கள், அங்கே நீக்கிப் பாருங்கள்.

ஆனால் இந்த ஃபைலை 8 ஜிபி கணினியில் திறக்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் இணைப்புப் பட்டியலில் தனி முனையாக வைக்கும் எடிட்டரில், நான்கு 8 பைட் உறுப்புகள் கொண்ட முனைக்கு, லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் நினைவகம் ஒதுக்கும் மாலாக் 48 பைட் எடுக்கும், 10 பைட் சரத்துக்கு 32 பைட். வரிக்கு 80 பைட் என்றால் 250 மில்லியன் வரிக்கு 20 ஜிபி ரேம். அது நிரலின் பிழையல்ல, வடிவமைப்பின் விலை. இதைப் பிழை என்று புகாரளித்தால் உங்கள் அடுத்த புகாருக்கு மதிப்பு குறையும்.

8 ஜிபிக்குள் பைட் எல்லையைத் தாண்ட, எஸ்-ஈ-க்யூ வெளியீட்டின் வரிமுறிகளை டி-ஆர் கட்டளையால் இடைவெளியாக்கி, ஃபோல்டு கட்டளையால் 999 பைட்டுக்கு ஒருமுறை முறியுங்கள். சுமார் 2.39 மில்லியன் வரி, 2.39 ஜிபி. ரேம் 2.6 ஜிபி அளவில் நிற்கும். ஃபோல்டு இல்லாமல் விட்டால் முழு ஃபைலும் ஒரே வரி. மூன்றாம் வகைக்கு அதுவே பொருள். இந்த ஒற்றை வரி ஃபைலில் 225859476-இன் ஆஃப்செட் மாறாது. ஒற்றை வரியை வளர்த்துக்கொண்டே வாசிக்கும் எடிட்டர், நினைவகத்தைப் பெரிதாக்கும்போது பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்திருக்கும், எனவே மற்ற நிரல்களை மூடிவிட்டுத் திறவுங்கள்.

டிரங்கேட் கட்டளையால் நொடியில் 3 ஜிபி ஃபைல் உருவாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வட்டில் இடம் எடுக்காத வெற்று ஃபைல், உள்ளே முழுக்க பூஜ்ய பைட். உரை சோதனைக்கு உதவாது. எடிட்டர் அதைச் சேமித்ததும் உண்மையாகவே 3 ஜிபி வட்டில் எழுதப்படும், அப்போது இடம் இல்லாமல் திணறும்.

ஃபைல்களை டிஎம்பி அடைவில் வைக்குமுன் டி-எஃப் கட்டளையில் பாருங்கள். சில வினியோகங்களில் அது ரேமில்தான் இருக்கிறது. நண்பரிடம் கொடுக்கப் பென்டிரைவில் போடுவதானால், ஃபேட்32 வடிவத்தில் 4,294,967,295 பைட்டுக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. ஃபைலை அனுப்பவே வேண்டாம், கட்டளையை அனுப்பினால் போதும்.

6. தமிழ் ஃபைல் ஒன்று கட்டாயம் வேண்டும்

மேலே உள்ளவை எல்லாம் ஆங்கில எண்கள், எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். இதில் நமக்குச் சாதகமான ஒரு கணக்கு உண்டு. எடிட்டர்கள் ஃபைலை 4096, 65536 போன்ற இரண்டின் அடுக்கு அளவில் துண்டு துண்டாக வாசிக்கும். இரண்டின் அடுக்கு எதுவும் மூன்றால் வகுபடாது. எனவே 'க' என்ற எழுத்தை மட்டும் வரிமுறியே இல்லாமல் 300,000,000 பைட்டுக்கு நிரப்பினால், முதல் துண்டின் எல்லையே ஓர் எழுத்தின் நடுவில் விழும். 65536-இல் 21,845 முழு எழுத்தும் அடுத்த எழுத்தின் முதல் பைட்டும் இருக்கும். துண்டு எல்லையைச் சரியாகக் கையாளாத எடிட்டர் அங்கே கறுப்புக் கேள்விக்குறியைக் காட்டும்.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) கணினியில் லினக்ஸின் சார் வகை குறியுள்ளது. தமிழ் எழுத்தின் முதல் பைட் 224, குறியுள்ள சாரில் அது −32. அதை அப்படியே அட்டவணைச் சுட்டெண்ணாகவோ, எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபாவுக்கோ கொடுத்தால் அட்டவணைக்கு வெளியே வாசிக்கும். டபிள்யூ-ஆல் பட்டியலில் 'சார் சப்ஸ்கிரிப்ட்ஸ்' என்று வரும் வார்னிங் இதைத்தான் சொல்கிறது. ஆங்கிலம் மட்டும் தட்டச்சு செய்கிறவர் இதை அற்பம் என்று தள்ளிவிடுவார், நமக்கு இது முதல் வரிசை வார்னிங். அன்சைன்டு சாராக மாற்றிக் கொடுப்பது இங்கே சரியான திருத்தம்.

'கொ', 'ஸ்ரீ' போன்றவற்றையும் ஒரு சிறு ஃபைலில் வைத்து, கர்சரை நகர்த்தி, பின்னழிப்பு அழுத்திப் பாருங்கள். 'கொ' 6 பைட்டாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் பிரித்து 9 பைட்டாகவும் எழுதலாம். இரண்டும் வேண்டும்.

7. ஓட்டிப் பாருங்கள்

வரிசை இதுதான்: திற, கடைசிக்குப் போ, எல்லை எண்ணைத் தேடு, ஓர் எழுத்தைச் சேர், அன்டூ செய், வேறு பெயரில் சேமி. பிறகு சிஎம்பி கட்டளையால் மூலத்தோடு ஒப்பிடு. ஒரு பைட் மட்டும் கூடுதலாக இருந்தால் பதறாதீர்கள், பல எடிட்டர்கள் கடைசி வரிமுறி இல்லையென்றால் தாமே சேர்க்கும். டி-ஆர் வழியாகச் செய்த ஃபைலில் கடைசி வரிமுறி கிடையாது.

நினைவகக் கணக்குக்கு யுஎஸ்ஆர் பின் அடைவிலுள்ள டைம் நிரலை 'வி' கொடியோடு ஓட்டுங்கள். ஷெல்லின் உள்ளமைந்த டைமுக்கு அந்தக் கொடி தெரியாது. கணினி முழுதும் உறைந்துபோகாமலிருக்க யு-லிமிட் 'வி' கொடியால் வரம்பு வைக்கலாம், ஆனால் அட்ரஸ் சானிடைசரோடு அதைச் சேர்க்காதீர்கள். சானிடைசர் ஆரம்பத்திலேயே பல டெராபைட் முகவரி வெளியை ஒதுக்கிக்கொள்வதால் வரம்பு வைத்தால் ஓடவே ஓடாது.

அட்ரஸ் சானிடைசர் வேகத்தைப் பாதியாக்கும், நினைவகத்தையும் தின்னும். 100 எம்பி ஃபைலுக்கு அது. 2 ஜிபி ஃபைலுக்குக் கிளாங்கின் 'இம்ப்ளிசிட் கன்வர்ஷன்' சானிடைசர். ஓடும்போது எண் சுருங்கினால் ஃபைல் பெயர், வரி எண்ணோடு அது சொல்லும். பொதுவான 'அன்டிஃபைன்டு' தொகுப்பில் அது வராது, பெயர் சொல்லித்தான் இயக்கவேண்டும். நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் இருபது மடங்குக்கு மேலும் தாமதமாகும், சில எம்பிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் அளப்பதானால் ஏர்கோன் உள்ள அறையில், மின்னிணைப்பில் வைத்து அளவிடுங்கள். நம் மதிய வெப்பத்தில் மடிக்கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திருத்தத்துக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண் என்று ஒப்பிட முடியாது.

கடைசியாக, இடமில்லாதபோது சேமித்துப் பாருங்கள். 20 எம்பி அளவில் டிஎம்பிஎஃப்எஸ் (ரேமில் இருக்கும் ஃபைல் அமைப்பு) ஒன்றை மவுன்ட் செய்து, 100 எம்பி ஃபைலை அதில் சேமியுங்கள். எடிட்டர் பிழை சொல்லவேண்டும், திருத்தியது நினைவகத்தில் அப்படியே இருக்கவேண்டும். ரைட்டின் விடையை வாய்டு என்று காஸ்ட் செய்து தள்ளிய நிரல் இங்கே அகப்படும். ஜிசிசியில் அந்தக் காஸ்ட் வார்னிங்கைக்கூட நிறுத்தாது. எஃப்குளோஸின் விடையையும் பார்க்கவேண்டும். பஃபரில் தங்கியது வட்டுக்குப் போகும்போது வரும் பிழை அங்கேதான் தெரியும்.

8. பேட்ச்சாக அனுப்புங்கள்

ஒரு வகை வார்னிங்குக்கு ஒரு கமிட் (கிட்டில் பதிவு செய்யும் ஒரு மாற்றத் தொகுப்பு). நூறு வார்னிங்கையும் ஒரே கமிட்டில் போட்டால் பராமரிப்பாளர் படிக்கமாட்டார். வழியில் கண்ட இடைவெளி, அடைப்புக்குறி அழகுபடுத்தலைக் கலக்காதீர்கள்.

கமிட் செய்தியில் இருக்கவேண்டியவை: கம்பைலரின் பெயரும் பதிப்பும், கொடிகள், வார்னிங் வரி அப்படியே, ஏன் அது உண்மைக் கோளாறு, சோதனை ஃபைலை உருவாக்கிய கட்டளை, முன்பும் பின்பும் என்ன நடந்தது. தவறான எச்சரிக்கை என்று நீங்கள் முடிவு செய்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். கையொப்ப வரி கேட்கும் திட்டமென்றால் கிட் கமிட்டில் சிறிய 'எஸ்' கொடி.

காலக் கணக்கு: முதல் கட்டுமானத்துக்கு ஒரு மாலை, பட்டியலைப் பிரிக்க ஒரு மாலை, ஒரு வகையைத் திருத்திச் சோதிக்க ஒரு வார இறுதி. பராமரிப்பாளர்கள் மத்திய ஐரோப்பாவில் இருந்தால் நம்மைவிட 6 முதல் 7 மணி நேரம் பின்னால் இருப்பார்கள். மாலை 4 மணிக்கு மேல் அனுப்பினால் அவர்களுடைய காலையில் போய்ச் சேரும். தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ முந்தைய நாள் அனுப்பிவிட்டு மூன்று நாள் பதில் சொல்லாமல் போகாதீர்கள். கேள்வி முதல் நாளிலேயே வரும். பதிலே இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து அதே இழையில் ஒருமுறை நினைவூட்டுங்கள். புதிதாக இன்னொன்று அனுப்பவேண்டாம். திருத்தம் கேட்டால், மாற்றியபின் இரண்டாம் பதிப்பு என்று தலைப்பில் குறித்து, 2 ஜிபி சோதனையை மறுபடி ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.